குளிர்ச்சியான பொருள்கள்

மே 2, வெள்ளி

மிதுனா இன்று காட்பாடியில் புனே ரயில் ஏறினாள். இரண்டு மாதப் பயிற்சி. ஜன்னல் வழியாக என்னிடம் கடைசியாகச் சொன்னது, “பதினெட்டு, மிஞ்சிப்போனா இருபதும்மா. அதுக்கு மேல விட்டுடாதே.”

அது தண்ணீரின் வெப்பநிலை. என் மகள் ஆக்ஸலாட்டல் இரண்டை வளர்க்கிறாள். மெக்சிகோவின் மலை ஏரிக்கு உரிய உயிரினம். தவளைக்குத் தூரத்து உறவு. ஆனால் கரையேறாமல், குட்டிப் பருவத்துச் செவுள்களோடு ஆயுள் முழுவதும் தண்ணீரிலேயே இருந்துவிடும். ஒரு சாண் நீளம், நான்கு கால்கள், தலையின் இரு பக்கமும் இறகு போல விரிந்த செவுள்கள். வெள்ளையாக இருப்பதற்குப் பன்னீர் என்றும் கறுப்பாக இருப்பதற்கு எள்ளு என்றும் பெயர் வைத்திருக்கிறாள்.

இருபத்து நான்கைத் தாண்டினால் தின்னாது. அதற்கு மேலும் போனால் பிழைக்காது. வேலூரில் மே மாதம் குழாயில் வருவதே வெந்நீர். வாங்குவதற்கு முன் இதை யோசித்திருக்க வேண்டும் என்றேன். “போன வருஷமும் நீ இதையேதாம்மா சொன்னே” என்றாள்.

தினமும் வெப்பநிலையை எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறாள். அதற்காகவே இந்தக் குறிப்பு. மற்றவை என் சேர்க்கை.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்று தொடங்குகிறதாம். பஞ்சாங்கத்தில் போட்ட தேதியில் சூரியன் வந்து கையெழுத்திட்டு வேலையில் சேர்வதாக எங்கள் வீட்டு வேலைக்கு வரும் ரேணுகா நம்புகிறாள். நேற்றும் இதே நாற்பது டிகிரிதான் என்றேன்.

“நேத்து அடிச்சது வெறும் வெயிலுதான்க்கா. இது கத்திரி.”

இயற்பியல் சொல்லிக்கொடுத்து இருபத்து மூன்று வருடம் ஆகிறது. இதற்கு மேல் வாதாடுவதில்லை.

தண்ணீர் பாட்டில்களை ஃப்ரீசரில் உறையவைத்து, ஒன்று கரைந்ததும் அடுத்ததை என்று தொட்டியில் மிதக்க விடுகிறேன். தண்ணீரின் மேற்பரப்பில் காற்று படும்படி மேஜை விசிறியைச் சாய்த்து வைத்திருக்கிறேன். ஆவியாகும் நீர் தன்னோடு வெப்பத்தையும் எடுத்துச் செல்லும். மாலை இருபத்து மூன்று.

ரேணுகா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு பன்னீரைப் பார்த்தாள். “மீனும் இல்ல, பல்லியும் இல்ல. மூஞ்சியப் பாரு, யாரையோ பாத்து சிரிச்சிக்கினே கீது.”

அது சிரிப்பு அல்ல, தாடை எலும்பின் அமைப்பு.

மே 5, திங்கள்

மாமாவுக்கு இந்தப் பாட்டில் ஏற்பாடு பிடிக்கவில்லை.

மாமா என்பது என் மாமனார் தணிகாசலம். ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர். எழுபத்தொன்பது வயது. என் கணவர் தயாளன் இரண்டு வருடமாக ஓசூரில் இருக்கிறார். அங்கே சைலஜா என்று ஒருவர் இருக்கிறார். மாமா மகனோடு போகவில்லை, இங்கேயே இருந்துவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மகனோடு பேசுவதும் இல்லை. இந்த வீட்டில் ஓசூர் என்ற பெயரை யாரும் சொல்வதில்லை. மிதுனா போய் வந்தால், “அங்க போயிருந்தா” என்போம்.

“ஐஸு சூடும்மா” என்றார் மாமா.

“ஐஸ் எப்படி மாமா சூடாகும்?”

“தொட்டாத்தான் சில்லுன்னு இருக்கும். உள்ள போனா சூடு. ஐஸ் தண்ணி குடிச்சவனுக்குத்தான் வாய்ப்புண்ணு வருது. பானைத் தண்ணி குடிச்சு யாருக்காவது வந்திருக்கா?”

வெப்பநிலை வேறு, உடல் சூடு என்று நாம் சொல்வது வேறு. இரண்டாவதை அளக்கக் கருவி கிடையாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“காலேஜ்ல பசங்க எதிர்த்துக் கேக்க மாட்டாங்க, இல்ல?” என்றார்.

மே 9, வெள்ளி

தொட்டியை என் படுக்கையறைக்கு மாற்றினோம். வீட்டில் ஏ.சி. அங்கே மட்டும்தான். ரேணுகாவின் கணவர் வந்து தூக்கிக் கொடுத்தார். தண்ணீர் இப்போது பத்தொன்பது.

மாமாவுக்கு ஏ.சி. வைத்துத் தருகிறேன் என்று போன கோடையிலேயே சொன்னேன். கால் குடைகிறது என்று மறுத்துவிட்டார். நான் இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அவர் இந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. மருமகள் அறைக்குள் மாமனார் நுழைவதில்லை என்பது அவர் வைத்திருக்கும் முறை. எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட வாசல்படிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, “மாத்திரை போட்டியாம்மா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்று மாலை அதே இடத்தில் நாற்காலி போட்டிருந்தார். பேப்பர் மடியில் இருந்தது. படிக்கவில்லை.

“வெளுப்பு மட்டும் முன்னாடி முன்னாடி வருது. கறுப்புக்கு வெக்கம்.”

“வெட்கம் எல்லாம் அதற்குக் கிடையாது மாமா.”

“எங்க ஆபீஸ்ல பன்னீர்னு ஒருத்தன் இருந்தான். இதே முழிதான். தந்திய மாத்திக் குடுத்துட்டு இப்படித்தான் நிப்பான்.”

மே 11, ஞாயிறு

எள்ளு நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. தொலைபேசியில் மிதுனா சொன்னபடி, மூடியில் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் ஊற்றி, அதில் எள்ளுவை விட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். குளிரில் உடல் இயக்கம் மெதுவாகி, நோய் தணியுமாம். ரேணுகாவிடம் சொல்ல மறந்துவிட்டேன். தயிர் என்று நினைத்து மூடியைத் திறந்திருக்கிறாள். அவள் போட்ட சத்தத்துக்கு மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்தார்.

“தயிர்லருந்து கண்ணு பாக்குதுக்கா! தயிர்லருந்து!”

மாமா சிரித்தார். அவர் சிரித்து நெடுநாள் ஆகிறது.

மே 13, செவ்வாய்

தண்ணீர் பத்தொன்பது. எள்ளு தொட்டிக்குத் திரும்பி ஒரு மண்புழுவைத் தின்றது.

நாளை முதல் விடைத்தாள் திருத்தும் முகாம். காலையில் போனால் மாலைதான் திரும்ப முடியும். மின்சாரம் போனால் பாட்டில்களை மாற்ற ரேணுகாவைப் பழக்கியிருக்கிறேன். மாமாவுக்கும் சொல்லிக்கொடுத்தேன். வாசல்படிக்கு வெளியிலிருந்தே கற்றுக்கொண்டார். “ரேணுகா பாத்துக்குவா. நான் உள்ள வர வேண்டியிருக்காது” என்றார்.

மே 15, வியாழன்

மிதுனா பேசினாள்.

“வேலூர்ல நாப்பத்திரண்டாமே. அம்மா, ரெண்டையும் அப்பாகிட்ட குடுத்துடும்மா. அங்க வெறும் ஃபேனே போதும். சைலஜா ஆன்ட்டிக்கு எல்லாம் சொல்லியிருக்கேன்.”

“மூணு மணி நேரப் பயணம் மிதுனா. பைக்குள்ள தண்ணி குலுங்கும். அதிர்ச்சியிலேயே போயிடும்.”

“அதிர்ச்சி யாருக்கும்மா?”

சிக்னல் சரியில்லை. வைத்துவிட்டேன்.

பயண அதிர்ச்சி என்பது நான் கண்டுபிடித்த ஒன்று அல்ல. நீர்வாழ் உயிரினங்களை இடம் மாற்றும்போது ஏற்படும் பாதிப்பு பற்றி ஆய்வுகள் இருக்கின்றன. இருபது டிகிரியில் நன்றாக இருக்கும் உயிரை எதற்கு அசைக்க வேண்டும்?

மே 16, வெள்ளி

தண்ணீர் இருபது. இரண்டும் தின்றன. இங்கேயே சமாளிக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று.

மே 19, திங்கள்

முகாமிலிருந்து ஐந்து மணிக்கு வந்தேன். தெருமுனையில் ஆட்கள் அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார்கள். காலை பத்து மணிக்கு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டதாம். மாமா என்னைக் கூப்பிட்டிருக்கிறார், ஆறு முறை. முகாமில் தொலைபேசியை வெளியே வாங்கி வைத்துவிடுவார்கள். ரேணுகா அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தாள். நேற்றே சொல்லியிருந்தாள். ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் வெட்டிவேர் வாசனை.

என் அறைக் கதவு திறந்திருந்தது. தொட்டித் தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் இருந்தது. குடிதண்ணீர்ப் பானையில் போடுவதற்காக நாங்கள் வாங்கும் வெட்டிவேர்க் கட்டுகள் இரண்டும், நூல் அவிழாமல், அதில் மிதந்தன. கரைந்த பாட்டில்கள் தரையில் வரிசையாக நின்றன. எள்ளு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. பன்னீர் மேலே மிதந்தது, ஒரு பக்கமாகச் சாய்ந்து. செவுள்கள் முன்பக்கம் சுருண்டிருந்தன. தண்ணீர் இருபத்தொன்பது.

மாமா கூடத்தில் நின்றார். சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

“நீ சொன்னபடி பாட்டில் எல்லாம் மாத்தி மாத்தி போட்டேம்மா. ரெண்டு மணிக்கே எல்லாம் கரைஞ்சி போச்சு. அது வாயத் தொறந்து தொறந்து மூடுச்சு. பாக்க முடியல. ஐஸு சூடாச்சே, காலைலருந்து அதையே போட்டுட்டோமேன்னு… பானையில போடறதுதானேம்மா. குளிர்ச்சியாச்சே.”

வேரின் எண்ணெய் அந்தத் தோலுக்கு ஆகாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வேறு பலவும் இருந்தன. அவர் இடது காலில் மட்டும் செருப்பு இருந்தது. மற்றொன்று என் அறைவாசலில் கிடந்தது. பதற்றத்தில் ஒன்றைத்தான் கழற்றியிருக்கிறார்.

“சட்டைய மாத்துங்க மாமா” என்றேன்.

கேன் தண்ணீரை இரண்டு வாளிகளில் ஊற்றி, மீன் மார்க்கெட்டில் ஐஸ் வாங்கி வந்து, பையில் கட்டி மிதக்கவிட்டு, இரண்டையும் மாற்றினேன். எள்ளு அடியில் போய் உட்கார்ந்தது. பன்னீரால் முடியவில்லை. மின் அலுவலகத்தில் கேட்டால், வேறு டிரான்ஸ்ஃபார்மர் வர இரண்டு நாள் ஆகும் என்கிறார்கள்.

மாமா சாப்பிடவில்லை. எனக்கும் பசியில்லை.

மே 20, செவ்வாய்

விடிந்து எழுந்து வந்தபோது மாமா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“ஓசூருக்குப் போலாம்மா.”

அந்தப் பெயரை அவர் சொல்லி நான் கேட்டு இரண்டு வருடம் ஆகிறது.

பயணம் ஆபத்து என்று ஆரம்பித்தேன்.

“இங்க மட்டும் என்னா வாழுதாம்?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “பொண்ணு வந்து கேட்டா, தாத்தாதான் வேரப் போட்டாருன்னு சொல்லுவியா?”

“சொல்ல மாட்டேன்.”

“நான் சொல்லிடுவேம்மா. ஆனா அது செத்துப்போச்சுன்னு சேத்து சொல்ல என்னால ஆவாது.”

வாளியைப் பார்த்தேன். பன்னீர் மிதந்துகொண்டுதான் இருந்தது. கால் ஒன்று அசைந்தது. முகாமுக்கு விடுப்புச் சொன்னேன். மிதுனாவுக்கு ‘கிளம்புகிறோம், அங்கே சொல்லிவிடு’ என்று அனுப்பினேன். அவள் பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை.

மீன்காரர்கள் வைத்திருக்கும் தெர்மகோல் பெட்டி ஒன்றை நேற்று ஐஸோடு வாங்கியிருந்தேன். பாதி தண்ணீரும் பாதி காற்றுமாகக் கட்டிய இரண்டு பைகள், சுற்றிலும் ஐஸ் பொட்டலங்கள். பெட்டியைக் காரின் பின் இருக்கையில் வைக்கலாம் என்றேன். மாமா முன் இருக்கையில் உட்கார்ந்து மடியில் வாங்கிக்கொண்டார்.

ஆம்பூர் தாண்டுவதற்குள் மூன்று முறை கேட்டார்.

“மூடியத் தொறந்து பாக்கவா?”

“வேண்டாம் மாமா. குளிர் போயிடும்.”

“உயிரோட இருக்குதான்னு?”

“திறந்து பார்ப்பதைவிட மூடி வைத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.”

“நீ என்னா, டாக்டர் மாதிரியே பேசற. அவனுங்களும் இப்படித்தான், ஒன்னும் சொல்ல மாட்டானுங்க.”

வாணியம்பாடியில் ஐஸ் மாற்றினோம். அப்போது இருவரும் பார்த்தோம். பன்னீர் பைக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி மெல்லத் துழாவிக்கொண்டிருந்தது. “சிரிக்குது பாரு” என்றார் மாமா. நான் தாடை எலும்பைப் பற்றிப் பேசவில்லை.

கிருஷ்ணகிரிக்கு மேல் சாலை ஏறத் தொடங்கியது. சூளகிரி தாண்டியதும் காரின் ஏ.சி.யை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கினேன். காற்று வேறாக இருந்தது. வெறும் உயரம்தான். மேலே போகப் போக வெப்பம் குறையும் என்பதைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். நேரில் வந்து பார்த்ததில்லை. வந்திருக்கக் காரணமும் இல்லை.

தயாளன் கேட்டருகே நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. “வா, திலகா” என்றார். மாமா முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியை மட்டும் என் பக்கம் நகர்த்தினார். தயாளனிடம் கொடுக்காமல் நானே தூக்கிக்கொண்டு மாடியேறினேன். தண்ணீரைச் சோதிக்காமல் எப்படி விடுவது?

கதவைத் திறந்தவர் சைலஜா. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். “வாங்கக்கா” என்றார். இரண்டு வருடமாக நான் மனதில் வைத்திருந்த உருவம் ஒன்று உண்டு. அதற்கும் இவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மூக்குக் கண்ணாடியின் கால் ஒன்று உடைந்து, நூல் சுற்றியிருந்தது.

வடக்குப் பார்த்த அறையில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி. என் வெப்பமானியை எடுத்துத் தண்ணீரில் விட்டேன். பத்தொன்பது. குளோரின் போக ஒரு நாளாவது தண்ணீரைப் பிடித்து வைத்திருக்க வேண்டுமே என்றேன். என் குரல் வாய்மொழித் தேர்வில் கேள்வி கேட்பது போல இருந்திருக்கும்.

“மிதுனா போன் பண்ணுச்சே, வியாழக்கிழமை, அன்னைக்கே புடிச்சி வச்சிட்டேன்க்கா. எப்ப வருவீங்கன்னு தெரியாதுல்ல. தெனமும் பழசக் கொட்டிட்டு புதுசு புடிச்சி வைக்கறேன். இது நேத்து காலைல புடிச்சது. ஐஸ் பாட்டிலும் ரெடியா இருக்கு.”

குறை சொல்ல ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்தேன்.

பைகளை அப்படியே மிதக்கவிட்டுக் காத்திருந்தோம், உள்ளே இருக்கும் தண்ணீரும் வெளியே இருப்பதும் ஒரே நிலைக்கு வருவதற்காக. அந்த நேரம் முழுவதும் நானும் சைலஜாவும் தொட்டியின் இரு பக்கமும் தரையில் உட்கார்ந்திருந்தோம். ஒருமுறை அவர் எழுந்து போய் ஒரு தம்ளர் மோர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். குடித்தேன். பைகளை அவிழ்த்தோம். எள்ளு நேராக நிழலுக்குப் போனது. பன்னீர் சாய்ந்தது, புரண்டது, பிறகு நான்கு கால்களும் தரையில் படும்படி இறங்கியது. அப்படியே நின்றது.

“பொழச்சிக்கும்க்கா” என்றார் சைலஜா.

“பார்க்கலாம்” என்றேன்.

தண்ணீர் கொட்டுவதற்காக முன்வாசல் பக்கம் வந்தபோது கீழே பார்த்தேன். தயாளன் கார் ஜன்னலில் குனிந்து நின்றிருந்தார்.

“மேல வாங்கப்பா.”

மாமா தோள் துண்டை எடுத்து மடியில் மடித்து வைத்தார்.

“ஒரு வாய் தண்ணியாவது.”

மாமா இப்போதுதான் பேசினார். முகத்தைத் திருப்பவில்லை.

“தண்ணிய ஒரேயடியா மாத்தாத. பாதிதான் மாத்தணும். புழுவ அலம்பிட்டுப் போடு. வெட்டிவேர் மட்டும் போட்டுடாதடா. அதுக்கு ஆவாது.”

தயாளனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. “சரிப்பா” என்றார். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நீங்களும் இருங்கப்பா, மழை வர்ற வரைக்கும். அங்க நாப்பத்திரண்டு. கரன்ட்டும் இல்லைன்னு மிதுனா சொல்லுச்சு.”

நான் இறங்கிப் போனேன். அது நியாயமான யோசனை. வயதானவர்களின் உடல் அந்த வெப்பத்தைத் தாங்காது என்பதற்கு எத்தனையோ புள்ளிவிவரங்கள் இருக்கின்றன.

“இருங்க மாமா. துணியெல்லாம் பஸ்ல போட்டு அனுப்பறேன்” என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். நான் பின் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டேன். காற்று இருந்தது. நான்கையும் பார்த்தேன்.

“அந்தப் பல்லிங்களுக்குக் குளிரு வேணும், கொண்டாந்து விட்டாச்சு” என்று மாமா சொல்வது கேட்டது. “எனக்கு என்னாத்துக்குடா? ஏம்மா திலகா, வண்டிய எடு. உச்சி வெயில் வந்துடப்போவுது.”

இரண்டு மணிக்கு வேலூர். வீடு உலை போல இருந்தது. ரேணுகா கூடத்துத் தரையில் தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள். மாமா அங்கேயே துண்டை விரித்துப் படுத்தார். உடனே தூங்கிவிட்டார்.

மே 21, புதன்

மின்சாரம் வந்துவிட்டது. எழுதிவைக்க வெப்பநிலை இல்லை.

மே 22, வியாழன்

காலையில் காபி குடிக்கும்போது மாமா கேட்டார், “நெசமாவே ஐஸு சூடு இல்லியாம்மா?”

“இல்ல மாமா.”

“சரி.”

நம்பியதாகத் தெரியவில்லை.

மே 24, சனி

மாலை மிதுனா பேசினாள். குரல் உயர்ந்திருந்தது. பன்னீர் நேற்று ஒரு புழு, இன்று இரண்டு தின்றதாம். செவுள்கள் நிமிர்ந்துவிட்டனவாம். அப்பா படம் அனுப்பினாராம். தாத்தா எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டாராம். வேரைப் பற்றி, ஒற்றைச் செருப்பைப் பற்றி. “தாத்தாவத் திட்டவே தோணலைம்மா” என்றாள்.

பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“அம்மா… அங்க எப்படிம்மா போனே?”

“கார்லதான்” என்றேன். “கிருஷ்ணகிரி வழியா.”